உயிர்த்தண்ணீர்

அயோத்தியாப்பட்டணம் நர்சரியில்
தொண்ணூற்றெட்டுக் குழித்தட்டு ஒன்று,
காலிஃப்ளவர் நாற்று, இருபத்தைந்து நாள் வயசு.
"ஒண்ணு ரெண்டு போகும்க்கா, சண்டைக்கு வந்துடாதீங்க"
சில்லறையைத் திருப்பித் தந்தான் பையன்.
சண்டைக்கு எனக்கு வேறு ஆள் இருந்தது.

ஏற்காடு பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்டு உட்கார்ந்தேன்.
மடியில் தட்டு.
"இதுக்கு லக்கேஜ் போடணுமே" என்றார் கண்டக்டர்.
பிறகு ஓர் இலையை விரலால் தூக்கிப் பார்த்து
போடாமல் போனார்.

அடிவாரத்தில் இலைகள் தொங்கிக் கிடந்தன,
சேலத்து வெயில் அவற்றுக்குள் இன்னும் தணியாமல்.
வளைவுக்கு வளைவு
நார்த்தூள் புடவையில் உதிர்ந்தது.
பதினோராவது கொண்டை ஊசியில்
பின் ஸீட் குழந்தை வாந்தி எடுத்தது.
பதினாறில் கண்ணாடியெல்லாம் புகைமூட்டம்.
இருபதாவது திரும்பியபோது குனிந்து பார்த்தேன்,
ஒவ்வொன்றாய் நிமிர்ந்திருந்தன,
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல.

பஸ் நின்ற இடத்தில் செங்கோடன் நின்றிருந்தான்.
தட்டை வாங்கிக்கொண்டான்.
பயணம் எப்படி என்று கேட்கவில்லை.
பத்தொன்பது நாளாக எங்கள் வீட்டில்
ரேடியோவும் குக்கரும்தான் பேசுகின்றன.
சில்வர் ஓக்கில் படர்ந்த மிளகு அத்தனையும்
பூ விடுமுன்பே வியாபாரிக்கு எழுதிக் கொடுத்து
அட்வான்ஸைத் தம்பி கடனில் கட்டியிருந்தான்.
எனக்குத் தெரிந்தது
வியாபாரியின் ஆள் வந்து மரம் எண்ணியபோது.

வெயில் சாய்ந்த பிறகுதான் நட வேண்டும்.
தட்டை நடுவில் கத்தரித்தான்,
ஆளுக்கு நாற்பத்தொன்பது,
வாக்குவாதம் இல்லாத பாகப்பிரிவினை.
பாத்தியின் கிழக்கு முனையில் நான்,
மேற்கில் அவன்.
ரெண்டு சாணுக்கு ஒரு குழி.

அடியில் விரலால் முட்டினால்
வேரும் மண்ணுமாக
ஒரே கட்டியாக வெளியே வருகிறது நாற்று,
இருந்த குழியின் வடிவம் மாறாமல்.
போக இடமில்லாத வெள்ளை வேர்கள்
தம்மையே சுற்றிச் சுற்றி வந்திருக்கின்றன.
பிரித்துவிடக் கை பரபரக்கும்.
பிரிக்கக் கூடாது.
கழுத்து வரை மண்,
குருத்தில் ஒரு பொட்டு படக் கூடாது,
இரண்டு பெருவிரலாலும் அழுத்த வேண்டும்
வலிக்காத அளவுக்கு.

வேலிக்கு அப்பால் காட்டெருமை ஒன்று
மூச்சு விட்டது.
இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம்.
ஒரே நேரத்தில் குனிந்தோம்.

இருட்டும்போது
அவன் கைக்கும் என் கைக்கும் ஒரு முழம்.
என் தட்டு காலி.
அவன் தட்டில் ஒரே ஒரு நாற்று,
தண்டு மடிந்தது,
பையன் சொன்ன அந்த ஒன்று.
நடுவில் ஒரு குழி.

"இது பொழைக்காது" என்றான்.
பத்தொன்பது நாளில் முதல் பேச்சு.
"நட்டு வை."

நட்டான்.
நான் ஈர்க்குச்சி ஒன்று ஊன்றி
முந்தானை ஓரத்து நூலைப் பிடுங்கிக் கட்டினேன்.
மிளகைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.
கை கழுவும்போது குழாயை அவன்தான் திறந்துவிட்டான்.
அது சமாதானமா, இருட்டில் எனக்குக் குழாய் தெரியாது என்பதாலா?

மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர்.
நட்டதும் விடுவது மண்ணுக்கு,
மூன்றாம் நாள் விடுவதுதான் செடிக்கு என்பார்கள்.
விடியலில் ஹோஸ் சத்தம் கேட்டு எழுந்தேன்.
குழாய் நுனியைப் பெருவிரலால் அடைத்து
தூர் தூராக விட்டுக்கொண்டு வந்தான்.
தொண்ணூற்றேழு பிடித்துவிட்டன.
நடுவில் உள்ளது இன்னும் குச்சியில் சாய்ந்திருந்தது,
உயிர் இருக்கிறதா என்று
கிட்டத்தில் போனால்தான் தெரியும்.

பின்வாசலில் நின்றபடியே கேட்டேன்:
"அட்வான்ஸ் எவ்ளோ கொடுத்தான்?"

ஹோஸைக் கீழே போட்டுவிட்டு
என்னைப் பார்த்து நடந்து வந்தான்.
தண்ணீர் அதுபாட்டுக்குப்
பாத்தி தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.